கை முகரும் நூலகம்

காகிதம் என்ற பொருளின் வரலாறு எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட வராந்தாவில், ஒரு வியாழக்கிழமை, சாய் இடைவேளையின்போது முடிவுக்கு வந்தது. முடித்து வைத்தவர் தோபியாஸ் மாமா. கிசுமு நகரத்திலிருந்து வந்த லாரியிலிருந்து டேப்லெட் பெட்டிகளை இறக்கி அடுக்கச் செய்து, கடைசிப் பெட்டியின் மேல் ஏறி நின்று அறிவித்தார். "இன்னையோட காகிதம் செத்துப்போச்சு. அடக்கத்துக்கு யாரும் வர வேண்டியதில்ல." எத்தனையோ நாட்டுக்காரர்கள் எத்தனையோ நூற்றாண்டு பாடுபட்டு உண்டாக்கிய சரக்கு. லாரி டிரைவர் மட்டும் தொப்பியைக் கழற்றினார். அவருக்கு வியர்த்திருந்தது. மாமா ஏறி நின்ற பெட்டி அட்டைப்பெட்டி என்பதையும், அது அவர் எடையில் அமுங்கத் தொடங்கியிருந்ததையும் யாரும் பேசவில்லை. மரியாதைக்காக.

அந்த வருஷம் எங்கள் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர்கள் வேலைநிறுத்தம். நான் ஏரிக்கரைக்குத் திரும்பி, நாலாம் வகுப்புக்குப் பாடம் எடுப்பதாகச் சொல்லிக்கொண்டு, மாமா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சகோதரி மகனுக்குத் தாய்மாமன் வீட்டில் அடுப்புவரை உரிமை உண்டு. கேலி பேசவும் உரிமை உண்டு. இரண்டையும் நான் ஒரு நாளும் வீணாக்கியதில்லை.

மாமா கணக்கு வாத்தியார். கிசுமுவில் ஒரு வாரம் பயிற்சிக்குப் போய், கழுத்தில் அட்டையும் நடையில் ஒரு சாய்வுமாகத் திரும்பினார். மழைக்காலத்தில் ஏரிக்கரைச் சேற்றில் எல்லோரும் வெறுங்காலில் நடப்போம். மாமா பாலிஷ் போட்ட ஷூவைக் கையில் ஏந்தி வந்து, பள்ளி வாசலில் கால் கழுவி மாட்டிக்கொண்டு, அந்த ஷூவே தன்னைச் சுமந்து வந்ததுபோல உள்ளே நுழைவார்.

அவர் மனைவி அப்போண்டி அத்தை அதே பள்ளியின் நூலகர். பிறந்தது அலேகோ பக்கம் என்பதால் ஊரில் எல்லோருக்கும் 'அலேகோ மகள்'. அரசாங்கச் சம்பளம் கிடையாது. பெற்றோர்கள் சேர்ந்த பள்ளிக் குழு வைத்த ஆள். அவர் நூலகத்தில் நுழைவது சுலபமில்லை. வாசலில் நின்று இரண்டு கைகளையும் நீட்ட வேண்டும். அத்தை குனிந்து முகர்ந்து பார்ப்பார். எங்கள் பிள்ளைகள் விடியற்காலையில் ஒமேனா மீனை மணலில் விரித்த வலைமேல் பரப்பிவிட்டுத்தான் பள்ளிக்கு வருவார்கள். விரல் நீளம்கூட இல்லாத மீன். அதன் எண்ணெய் விரலில் ஏறினால் சாயந்திரம்வரை இறங்காது. மீன்கை பட்ட புத்தகத்தைப் பூனை விடாது. ஒருமுறை உலகப்பட நூலில் ஆப்பிரிக்காவின் தென்பகுதியை ஒரு பூனை தின்றுவிட்டுப் போனது. அதிலிருந்து அத்தைக்கு வாசம் வந்தால் பேச்சு வராது. வாசலிலிருக்கும் மஞ்சள் தண்ணீர்க் கேனை நோக்கி விரல் மட்டும் நீளும். பக்கத்தில் சோப்புக்கட்டி.

"உலகத்துலயே மோப்பம் பிடிக்கிற நூலகர் என் வீட்டுல மட்டும்தான் இருக்கா" என்பார் மாமா, ஆசிரியர் அறையில்.

கை தேறினால் உள்ளே புத்தகம் உண்டு. புத்தகத்தோடு வேறு சாமான்களும் உண்டு. உடைந்த படகுப் பலகையில் செய்த ஒரு நீள மேசை. அதற்குமேல் சுவரில் ஆணியடித்துத் திருப்புளி, காந்தம், வில் தராசு, சைக்கிள் பம்பு, கப்பி, நூல்கண்டு, பெரிசும் சிறிசுமாக ஊசிகள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் சுவரில் அதன் வடிவத்தைக் கரியால் வரைந்திருப்பார். எது வெளியே போயிருக்கிறதென்று சுவரே சொல்லிவிடும். இவற்றையும் புத்தகம் மாதிரியே கடன் எடுக்கலாம். ஒரே விதி: திருப்பித் தரும்போது கையால் எதையாவது செய்து கொண்டுவந்து காட்ட வேண்டும். ஆறாம் வகுப்புப் பெண்கள் நாலு பேர் கப்பியை எடுத்துப் போனார்கள். மறுநாள் தலைமையாசிரியையின் நாற்காலி மாமரத்தின் மேல் கிளையில் ஆடிக்கொண்டிருந்தது. அதில் அவருடைய கைப்பையும் இருந்தது. அத்தை மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்து, முடிச்சு நன்றாக இருக்கிறது என்று கப்பியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

பிறகு பசை. கிழிந்த புத்தகங்களுக்காகப் புதன்கிழமைதோறும் நூலகத்தின் பின்னால் கரி அடுப்பில் மரவள்ளிமாவைக் கஞ்சியாகக் காய்ச்சுவார். கட்டி விழாமல் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வாசம் வந்தால் கீழ் வகுப்புகளில் பாடம் நடக்காது, எல்லோருக்கும் பசிக்கும். மாமா ஜன்னல் வழியாக, இன்றைக்கு எந்தப் புத்தகத்துக்குக் காய்ச்சல், கஞ்சி குடிக்கிறதா என்று விசாரிப்பார்.

இப்படிப்பட்ட இடத்துக்கு அருகில்தான் டேப்லெட்டுகள் இறங்கின. அவற்றைப் பத்திரமாக வைக்கக் கம்பி போட்ட ஜன்னலும் மின்சாரமும் உள்ள அறை வேண்டும். பள்ளியில் அப்படி ஒரே ஒரு அறை. அதில் அத்தை இருந்தார்.

தலைமையாசிரியை நல்லவர், ஆனால் அவசரக்காரர். நூலக அறையை டேப்லெட் அறையாக்கி விடலாம், புத்தகங்களை மக்காச்சோளக் கிடங்குக்கு மாற்றலாம் என்றார். நூலகமே இல்லையென்றால் நூலகர் எதற்கு என்று அவர் வாய்விட்டுக் கேட்கவில்லை. குழுக் கூட்டத்தில் முடிவாகும் என்று மட்டும் சொன்னார். பெற்றோர் தினத்தன்று மாமா டேப்லெட்டுகளை எல்லோருக்கும் காட்டுவார்; அது முடிந்ததும் குழு உட்காரும்.

அவர் அதைச் சொன்ன அன்று இரவு, மாமா வீட்டில் சாப்பாட்டுக்கு ஒமேனாவும் சுகுமா கீரையும். அத்தை குனிந்து மக்காச்சோள மாவில் உகாலிக் களி கிண்டிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் கிண்டுவது பெண்கள் வேலை. ஆண் கரண்டி பிடித்தால் ஒன்று அவன் மனைவி ஊரில் இல்லை, அல்லது அவன் புத்தி ஊரில் இல்லை. மாமாவும் நானும் நாற்காலியில் உட்கார்ந்து, புத்தியோடு காத்திருந்தோம். அவர்கள் குழந்தை லாவெண்டர் பாயில் தூங்கிவிட்டாள்.

"அலேகோ மகளே, இதுல உனக்கும் நல்லதுதான்" என்று மாமா ஆரம்பித்தார். "நான் சொல்லி உன்ன உதவியாளரா போட வைக்கிறேன்."

"யாருக்கு உதவி?"

"எனக்குத்தான்."

"இங்க செய்யுறது பத்தலையா?"

நான் சிரித்தேன். அத்தை மீன் கிண்ணத்தை என் கைக்கு எட்டாத தூரத்தில் வைத்தார். சகோதரி மகனின் உரிமைக்கும் எல்லை உண்டு.

மாமா விடவில்லை. ஒரு டேப்லெட்டுக்குள் கிசுமு நூலகம் முழுதும் அடங்கும் என்றார். கண்ணாடியைப் பூனை தின்னாது. மீன்கை பட்டாலும் துடைத்தால் போயிற்று. இனி யாரும் யார் கையையும் முகர வேண்டாம். அவர் சொன்னதில் பொய் அதிகமில்லை என்பதுதான் கஷ்டம். என் வகுப்புப் பிள்ளைகள் அந்தப் பெட்டிகளைச் சுற்றிச் சுற்றி வந்ததை நானே பார்த்தேன்.

"கிடங்குல எலி இருக்கே" என்றார் அத்தை.

"இருக்கட்டுமே, அதுவும் படிக்கட்டும்."

அத்தை உகாலியைத் தட்டில் கவிழ்த்து, ஓரத்தைக் கரண்டியால் தட்டி வட்டமாக்கினார். பிறகு உட்கார்ந்து, கை கழுவிக்கொண்டு, சத்தம் உயர்த்தாமல் கேட்டார்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, லாவெண்டர் அப்பா. அந்த அறை போயிட்டா, காலையில எழுந்து நான் எங்க போறது?"

மாமா உகாலியில் ஒரு பிடி எடுத்து உருட்டினார். அந்த உருண்டை வெகுநேரம் உருண்டது. கடைசியில் அதைக் குழம்பு தொடாமலே விழுங்கினார்.

பெற்றோர் தினத்தை மாமா சாயங்காலத்துக்கு மாற்றினார். வெயிலில் திரை தெரியாது, இருட்டத் தொடங்கும்போதுதான் ஒளிரும் என்பது ஒரு காரணம். ஒமேனா பிடிக்கிறவர்கள் விளக்கோடு ஏரிக்குள் போகுமுன் வந்து பார்க்கலாம் என்பது இன்னொன்று. அத்தை முந்தின நாள் சட்டை மடித்துக்கொண்டே ஒரு தடவை சொன்னார்.

"இது நிலா இல்லாத வாரம்."

"நிலா எதுக்கு? வெளிச்சம்தான் என்கிட்ட இருக்கே" என்றார் மாமா.

அத்தை சட்டையை மடித்து முடித்தார். எனக்கும் அது உறைக்கவில்லை. ஏரிக்கரையில் பிறந்து வளர்ந்த ஒருவருக்கு அது உறைக்காமல் போக, கிசுமுவில் ஒரு வாரப் பயிற்சியோ இரண்டு வருஷக் கல்லூரியோ தேவைப்படுகிறது.

மாமரத்தடியில் பெஞ்சுகள் போட்டிருந்தார்கள். எட்டு நரம்பு யாழோடு ஒமோலோ கிழவர் வந்து, கால்விரலில் மாட்டிய வளையத்தால் யாழின் விளிம்பைத் தட்டித் தாளம் போட்டுப் பாடிக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் யாழ் வாசித்தால் யார் வேண்டுமானாலும் எழுந்து போய் அவர் முன்னால் ஒரு காசைப் போட்டு வாசிப்பை நிறுத்தலாம். நிறுத்தியவர் தன்னைத்தானே புகழ்ந்துகொள்ள வேண்டும். அடக்கமாகப் பேசினால் காசு தண்டம்.

மாமா காசைப் போட்டார். யாழ் நின்றது.

"நான் தோபியாஸ். ஏரியில சூரியன் இறங்குறப்போ அதுக்கிட்ட சாவி வாங்கி வைக்கிறவன். அலேகோவுக்கு மாப்பிள்ளையாப் போனப்போ அலேகோவே ரெண்டு அங்குலம் உயர்ந்துச்சு. காகிதத்தைப் புதைச்சவன் நான். இந்தத் திரைகள்ல ஒண்ணு, ஒண்ணே ஒண்ணு, அணைஞ்சு போகட்டும். என் வீட்டுக்காரியோட கஞ்சிச் சட்டிய நானே கிண்டுறேன்."

குலவை எழுந்தது. அத்தையும் சேர்ந்து குலவை போட்டார்; நன்றாகச் சொன்னதை நன்றாகச் சொன்னதென்று ஒப்புக்கொள்வதில் அலேகோக்காரர்கள் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை. ஒமோலோ ஒரு நரம்பைச் சுண்டினார். பிள்ளைகள் பெஞ்சுகளில் டேப்லெட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். மாமா கையை உயர்த்தியதும் எல்லாத் திரைகளும் ஒன்றாக எரிந்தன.

அழகாகத்தான் இருந்தது. பிள்ளைகளின் முகங்கள் நீலமாக மிதந்தன. தாய்மார்கள் பெஞ்சு பெஞ்சாகக் குனிந்து தங்கள் பிள்ளையைத் தேடினார்கள். யானையின் படம் ஒன்று காதை அசைத்தது. ஒமேனா பிடிக்கிற ஆண்கள் மட்டும் திரையைப் பார்க்கவில்லை. அவர்கள் ஏரியைப் பார்த்தார்கள்.

தண்ணீருக்கு மேல் ஒரு புகைத்தூண் எழுந்து நடந்து வந்தது. நிலா இல்லாத வாரத்தில் எங்கள் ஏரிப்பூச்சிகள் கோடிக்கணக்கில் பிறந்து, வெளிச்சத்தைத் தேடி வரும். ஒரு நாள் வாழ்கிற ஜீவன்கள்; கல்வியில் அவற்றுக்கு அத்தனை ஆர்வம் இருக்குமென்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ஒவ்வொரு திரையிலும் விரற்கடை கனத்துக்கு உட்கார்ந்தன. யானை போனது. முகங்கள் போயின. வாயைத் திறந்தவர்கள் மூடிக்கொண்டார்கள். "துடைங்க, துடைங்க" என்றார் மாமா, தன் வாயையும் கையால் மூடியபடி. பிள்ளைகள் கீழ்ப்படிந்தார்கள். சட்டைக்கையால், பாவாடை முனையால், உள்ளங்கையால் அழுத்தி அழுத்தித் துடைத்தார்கள்.

குழு அன்று உட்காரவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமைக்குத் தள்ளி வைத்துவிட்டு, எல்லோரும் தலையில் துணியைப் போட்டுக்கொண்டு வீடு போனார்கள்.

மறுநாள்தான் விஷயம் தெரிந்தது. துடைத்த பூச்சிகள் எங்கும் போய்விடவில்லை. டேப்லெட்டின் அடியிலிருக்கும் சார்ஜ் போடும் ஓட்டைக்குள் போய், நசுங்கி, காய்ந்து, சிமெண்டாகியிருந்தன. ஒயர் உள்ளே நுழையவில்லை. ஒவ்வொன்றாகத் திரைகள் அணைந்துகொண்டே வந்தன. மாமா ஊதிப் பார்த்தார். தீக்குச்சியால் குத்தினார், குச்சி முறிந்து உள்ளேயே தங்கியது. கிசுமுவுக்குப் போன் செய்தார். அனுப்பி வையுங்கள், பார்த்துச் சொல்கிறோம், அடுத்த பருவத்துக்குள் ஆகலாம் என்றார்கள். வெள்ளிக்கிழமைக்குள் எரியவில்லையென்றால் பெட்டியோடு திருப்பி அனுப்பிவிட வேண்டியதுதான் என்றார் தலைமையாசிரியை.

யாரும் மாமாவிடம் சபதத்தைப் பற்றிக் கேட்கவில்லை. யாழ் நின்றபோது சொன்னதைத் திருப்பிக் கேட்பது எங்கள் ஊரில் அநாகரிகம். வழியில் பார்த்தவர்கள் நலம் விசாரித்துவிட்டு, கரி இப்போது நல்ல கரியாகக் கிடைப்பதில்லை என்று மட்டும் வருத்தப்பட்டார்கள். மீன் விற்கிற பெண் ஒருத்தி, தன் தங்கை வீட்டில் நீளமான மரக்கரண்டி ஒன்று சும்மா கிடப்பதாகப் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

இரண்டு நாள் மாமா ஷூவுக்குப் பாலிஷ் போடவில்லை. மூன்றாம் நாள் இடைவேளையில் நூலக வாசலுக்கு வந்து நின்றார். கையில் ஒரு டேப்லெட். நான் உள்ளே மேசையில் உட்கார்ந்து, படிப்பதாக நடித்துக்கொண்டிருந்தேன்.

"அலேகோ மகளே, ஒரு ஊசி வேணும்."

"எந்த ஊசி?"

"இருக்கிறதுலயே சின்னது."

அத்தை டேப்லெட்டைப் பார்த்தார். அவரைப் பார்த்தார்.

"கைய நீட்டுங்க."

"என்ன?"

"வாசல்ல நிக்கிறவங்க எல்லாருக்கும் ஒரே சட்டம்."

மாமா என் பக்கம் திரும்பினார். நான் பக்கத்தைப் புரட்டினேன். அவர் டேப்லெட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு இரண்டு கைகளையும் நீட்டினார். அத்தை குனிந்து முகர்ந்தார். காலையில் மாமா சாப்பிட்டது ஒமேனா என்று அத்தைக்குத் தெரியும், அத்தைதான் பொரித்தார். மஞ்சள் கேனை நோக்கி விரல் நீண்டது.

மாமா போய்க் கை கழுவினார். நகக்கண்வரை கழுவினார். திரும்பி வந்தபோது அத்தை சுவரிலிருந்து ஊசியை எடுத்து வைத்திருந்தார்.

"கடனுக்கு விதி தெரியுமில்ல?"

"தெரியும்."

"என்ன விதி?"

"திருப்பித் தர்றப்போ கையால எதையாவது செஞ்சு காட்டணும்" என்றார் மாமா, ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி, தரையைப் பார்த்து.

"குத்தாதீங்க. ஓரமாக் கிளறுங்க" என்று கொடுத்தார் அத்தை.

அன்று மாமா தனியாக இரண்டைச் சுத்தம் செய்தார். மறுநாள் ஆறாம் வகுப்பு முழுவதும் படகு மேசையைச் சுற்றி நின்றது. எங்கள் பிள்ளைகள் ஒமேனா தலையைக் கிள்ளிப் பழகியவர்கள்; விரல் நுனியில் கண் இருக்கும். ஊசியால் நெம்பி, கோழி இறகின் நுனியால் பெருக்கி, சைக்கிள் பம்பால் ஒரு ஊது. ஒரு ஓட்டையிலிருந்து வந்த பூச்சிகளைத் தாளில் குவித்து எண்ணத் தொடங்கினார்கள். எண்ணி முடியாதபோது மாமா தன்னையறியாமல் குனிந்து, ஒரு சிட்டிகையை எண்ணி, மொத்தக் குவியலைச் சிட்டிகையால் அளக்கக் கற்றுக்கொடுத்தார். அவ்வளவு நல்ல கணக்குப் பாடம் அவர் எடுத்து நான் பார்த்ததில்லை. கையில் சுண்ணாம்புக்கட்டி இல்லை, கழுத்தில் அட்டையும் இல்லை.

வெள்ளிக்கிழமைக்குள் எல்லாம் எரிந்தன, தீக்குச்சி முறிந்ததைத் தவிர. அதைப் பிள்ளைகள் திருப்புளி கடன் வாங்கிப் பிரித்து மேசைமேல் பரப்பினார்கள். இன்றுவரை பள்ளியில் அதிகம் படிக்கப்படுகிற டேப்லெட் அதுதான்.

குழு மாமரத்தடியில் உட்கார்ந்தது. அத்தை கூப்பிடுகிற தூரத்தில் மடியில் ஒரு கிழிந்த புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஊசியில் நூல் கோத்திருந்தது; தைக்கவில்லை. தலைமையாசிரியை கிடங்கைப் பற்றி மறுபடி பேசினார். படகுக்காரர்கள் சார்பில் குழுவிலிருந்த மனிதர் கேட்டுக்கொண்டேயிருந்துவிட்டு, அந்த அறையிலிருந்து இதுவரை என்னென்ன தொலைந்திருக்கிறது என்று விசாரித்தார். எதுவுமில்லை என்று தலைமையாசிரியை ஒப்புக்கொண்டார். கைப்பைகூடத் திரும்பக் கிடைத்தது.

"அப்போ எதுக்கு அறைய மாத்தணும்? ஊசியக் குடுத்து வாங்குறவ கண்ணாடியக் குடுத்து வாங்க மாட்டாளா? அதையும் அலேகோ மகள்கிட்டயே குடுங்க" என்றார் அவர்.

தலைமையாசிரியை மாமாவைப் பார்த்தார். டேப்லெட்டுக்குப் பொறுப்பு அவர்தானே. அவர் மறுத்தால் பேச்சு நீளும். மாமா எழுந்தார். பெரிதாக ஏதோ வரப்போகிறதென்று, வேடிக்கை பார்க்க வந்திருந்த ஒமோலோ கிழவர் இல்லாத யாழைத் தேடினார்.

"இருக்கட்டும்" என்றார் மாமா. உட்கார்ந்துவிட்டார்.

அத்தை தைக்கத் தொடங்கினார்.

டேப்லெட்டுகள் உலகப்பட நூல்களுக்குக் கீழ்த்தட்டில் ஏறின. மாமாவும் வகுப்புக்குக் கையெழுத்துப் போட்டுத்தான் எடுத்துப் போகிறார். அத்தை முதல் வாரம் அவற்றைத் தூசி தட்டுவதோடு சரி. இரண்டாம் வாரம், கப்பியின் உள்பக்கத்தை இதில் பெரிசாக்கிக் காட்டுமாமே என்று யாரிடமோ பேசுவதுபோல மாமாவிடம் கேட்டார். அவர் காட்டினார். பேச்சே இல்லாமல் காட்டினார் என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

வேலைநிறுத்தம் முடிந்ததாகச் செய்தி வந்த வாரம், புதன்கிழமை, அத்தையிடம் சொல்லிக்கொண்டு போக நூலகத்துக்குப் போனேன். உள்ளே அத்தை இரண்டாம் வகுப்புக்குக் கதை வாசித்துக்கொண்டிருந்தார். மரவள்ளி வாசம் வந்தது. நான் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனேன்.

மாமா கரி அடுப்பின் முன் குந்தியிருந்தார். ஷூ இரண்டும் சுவரோரம் ஜோடியாக நின்றன. சட்டைக்கையைச் சுருட்டிவிட்டு, நீளமான மரக்கரண்டியால் சட்டியைக் கிண்டிக்கொண்டிருந்தார். கரண்டியைத் தூக்கி வழிவதைப் பார்த்தார். திருப்தியில்லை, மறுபடி கிண்டினார். பக்கத்தில் கல்லின்மேல் முதுகு பிய்ந்த ஒரு புத்தகம் காத்திருந்தது. அதற்குமேல், தொலைந்துவிடாமல் துணியில் குத்தி, அந்தச் சின்ன ஊசி.

நான்கு வருஷத்துக்குப் போதுமான கேலி என் நாக்கு நுனியில் இருந்தது. சகோதரி மகனின் முழு உரிமை. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"சர்க்கரை போடக் கூடாதாம்" என்றார். "எறும்பு வருமாம்."

"அப்படியா, மாமா" என்றேன்.

அப்போது சுவரைச் சுற்றிக்கொண்டு ஒரு சின்னப் பெண் ஓடி வந்து, கல்லின்மேல் இருந்த புத்தகத்துக்குக் கையை நீட்டினாள். மாமா கரண்டியைச் சட்டியோரம் சாய்த்து வைத்தார். அவளுடைய இரண்டு கைகளையும் தன் பக்கம் திருப்பி, குனிந்து, கண்ணை மூடி, ஒரு முறை முகர்ந்தார். பிறகு பேசாமல் மஞ்சள் கேனை நோக்கி விரலை நீட்டினார்.